கொம்பு எங்கே நிற்கிறது?

'டிஜிட்டல் ஆக்கியாச்சு, இனி அழியாது' என்று யாராவது எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஓலையைச் செல்லரித்தால் ஓட்டையாவது தெரியும். கோப்பு கெட்டது திறக்கிற அன்றுதான் தெரியும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் எத்தனை நூல்கள் என்று எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய விஷயம், அந்த உரைகள் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குச் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. 'கெ'யை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசை: கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால். 'கொ' இன்னும் வம்பு. மூன்று துண்டை இரண்டாக்க வேண்டும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை பொதுவில் இருந்ததால், இதை ஒரு சின்ன நிரலே செய்துவிடும். அந்த அட்டவணையைப் பொதுவில் வைத்தவர்களைத்தான் நான் முதலில் பாராட்டுவேன்.

அட்டவணை இல்லாத பக்கம் பரிதாபம். தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில் வடிவமைத்த ஒரு சிற்றிதழின் கோப்புகளை நண்பர் கொடுத்தார். இரண்டு குறுந்தகடுகள், இரண்டின் செக்சமும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. ஆனால் எழுத்துரு தொலைந்துவிட்டது. திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. மாறவில்லை என்று மட்டும்தான் செக்சம் சொல்லும். படிக்க முடியுமா என்பது அதன் கவலை இல்லை.

ஆவணக் காப்பகங்கள் பின்பற்றும் ஓஏஐஎஸ் மாதிரி இதைத்தான் வற்புறுத்துகிறது: தரவோடு, அதைப் புரிந்துகொள்ளத் தேவையான தகவலையும் சேர்த்து வை. பிடிஎஃப்/ஏ எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கச் சொல்வதும் அதனால்தான். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. பழைய எழுத்துருவைப் பதித்து, அடிப்படை நிலையோடு நிறுத்திவிட்டால், பக்கம் அழகாகத் தெரியும். தேடினால் ஒரு சொல்கூடச் சிக்காது. நம்முடைய மின்னூல்கள் பலவற்றில் 'காப்பி' செய்து ஒட்டிப் பாருங்கள், புரியும்.

அதற்காக ஸ்கேன் படத்தை மட்டம் தட்டவில்லை. குறியாக்கச் சண்டை எதிலும் மாட்டாமல், அச்சில் வந்த பக்கத்தை அது அப்படியே காட்டும். நல்ல காப்பகத்தில் படமும் உரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

அந்தச் சிற்றிதழின் அச்சுப் பிரதிகளைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். நாலைந்து பக்கம் தெளிவாகக் கிடைத்தாலே போதும், திரையில் இருக்கும் குப்பையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு அட்டவணையை நாங்களே போட்டுவிடுவோம்.