வாளின் மேல் போடும் பழி

சைமோரிலைக் கொன்றது யார்? மைக்கேல் மூர்காக் 1961இல் ‘சயின்ஸ் ஃபேன்டஸி’ இதழில் எழுதிய ‘தி ட்ரீமிங் சிட்டி’ கதையைப் படித்து முடித்ததும் இந்தக் கேள்விதான் மிஞ்சுகிறது. எல்ரிக் தன் காதலி சைமோரிலை அவளுடைய சகோதரன் யிர்கூனின் பிடியிலிருந்து மீட்க வருகிறான். கையில் ஸ்டார்ம்பிரிங்கர் என்ற கரிய வாள். வெட்டுப்பட்டவரின் உயிரைக் குடித்து, அந்தத் தெம்பைத் தன்னைப் பிடித்திருப்பவனுக்குப் பாய்ச்சுகிற வாள் அது. சண்டையின் உச்சத்தில் யிர்கூன் தங்கையை அந்த வாளின் மேல் தள்ளிவிடுகிறான். தள்ளியவன் ஒருவன், பிடித்திருந்தவன் இன்னொருவன், குடித்தது வாள். ஊர் எரிந்தபின் எல்ரிக் வாளைக் கடலில் வீசுகிறான். அது மூழ்க மறுக்கிறது. நீரில் செங்குத்தாக நின்று நடுங்கி அலறுகிறது. அவன் நீந்திப்போய் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான்.

அந்த நீச்சலில்தான் கதை நிற்கிறது. எல்ரிக் பிறவியிலேயே வெளிறிய உடம்புக்காரன், மூலிகையும் மருந்தும் இல்லாமல் எழுந்து நடமாட முடியாதவன். வாள் வந்தபின் அந்த மருந்துகளுக்கு வேலை இல்லை. காதலியைக் குடித்த வாளை வெறுக்கிறான், அது இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. குடிகாரர் ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு இந்த இடம் புதிதாக இருக்காது. சாபம் பட்ட வாளும் காதலும் கலந்த கதைகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்க்கும்போது, எழுத்தாளரின் தரம் எனக்கு ஒரே இடத்தில் தெரிந்துவிடுகிறது: நடந்த கொடுமையில் எவ்வளவு பங்கை வாளின் கணக்கில் எழுதுகிறார், எவ்வளவைக் கையின் கணக்கில் விடுகிறார்?

மூர்காக்குக்கு முன்னோடிகள் உண்டு. 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தின் ஹெர்வோர் சாகாவில் வரும் திர்ஃபிங், குள்ளர்களை மிரட்டிச் செய்வித்த வாள். உருவும்போதெல்லாம் ஓர் உயிரைக் கேட்கும், மூன்று இழிசெயல்களுக்குக் காரணமாகும் என்று சபித்துத்தான் கொடுக்கிறார்கள். போல் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட ‘தி புரோக்கன் ஸ்வோர்ட்’ அந்த வாளின் வழிவந்தது. பின்லாந்தின் கலேவலாவில் குல்லெர்வோ தன் வாளிடமே பேச்சுக் கொடுத்துவிட்டுச் சாகிறான். டோல்கீன் அந்தக் கதையில் இளவயதிலேயே சொக்கிப்போனவர். அதிலிருந்து பிறந்தவன்தான் தூரின். அவனுடைய குர்த்தாங் விண்ணிலிருந்து விழுந்த இரும்பில் செய்தது. செய்த கொல்லனின் வன்மம் அதில் தங்கியிருக்கிறது என்று அரசி மெலியன் முன்பே எச்சரிக்கிறாள். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், தன்னை விடுவிக்க வந்த நண்பன் பெலெகையே தூரின் அதனால் வெட்டிவிடுகிறான். தங்கை என்று தெரியாமல் நியெனோரை மணக்கிறான். எல்லாம் தெரிந்த கணத்தில், என் உயிரை எடுப்பாயா என்று வாளிடம் கேட்கிறான். வாள் ஒப்புக்கொள்கிறது. சொல்லும் காரணம்தான் வியப்பு: தன் பழைய எஜமான் பெலெகின் இரத்தத்தை மறக்க வேண்டுமாம். மனிதன் வாளைக் குறை சொல்லும் கதைகளுக்கு நடுவே, வாள் மனிதனைக் குறை சொல்லும் இடம் இது.

மாலரியின் ஆர்தர் கதைகளில் வரும் பாலினுக்கு இந்தச் சிக்கலெல்லாம் கிடையாது. வாளைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் உனக்கு உயிரான ஒருவனை அதனாலேயே கொல்வாய் என்று அதைக் கொண்டுவந்த பெண் வாய்விட்டுச் சொல்கிறாள். கொடுக்க மாட்டேன் என்கிறான். யாரென்று தெரியாமல் சொந்தத் தம்பியோடு பொருதி இருவரும் மடிகிறார்கள். பிடிவாதக்காரனின் கதை, வாளுக்கு அதில் சின்ன வேடம்தான்.

இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஐரோப்பாவையும் ஜப்பானையும் காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில், தண்டக வனத்துக்குள் நுழையும்போது, சீதை ராமனிடம் ஒரு கதை சொல்கிறாள். சத்தியம் தவறாத முனிவர் ஒருவரிடம் இந்திரன் போர்வீரன் வேடத்தில் வந்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வாளை ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அடைக்கலப் பொருள் ஆயிற்றே, தொலைந்துவிடக் கூடாது என்று, கிழங்கு பறிக்கப் போனாலும் பழம் பறிக்கப் போனாலும் அவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார். நாளாக நாளாகத் தவம் பின்னுக்குப் போய், மனம் கொடுமையில் பழகி, கடைசியில் நரகத்துக்குப் போய்ச் சேர்கிறார். அந்த வாளுக்கு மந்திரமும் இல்லை, சாபமும் இல்லை. கையிலேயே இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்குப் பகையில்லாதவர்கள் மேல் ஆயுதம் எடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறாள். அன்பால் நினைவூட்டுகிறேனே தவிர உங்களுக்குப் பாடம் நடத்தவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறாள். ராமன் சினக்கவில்லை. முனிவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், உயிரையும் லட்சுமணனையும் உன்னையும்கூட விடுவேன், வாக்கை விடமாட்டேன் என்கிறான். ‘உன்னையும்கூட’ என்பதைப் பின்னால் நடக்கப்போவது தெரிந்த வாசகரால் லேசாகத் தாண்டிப்போக முடியாது.

ஜப்பானியர்கள் பழியை ஒரு கொல்லனின் பெயரிலேயே எழுதிவிட்டார்கள். இசே நாட்டின் குவானாவில் வாள் செய்த முராமாசாவின் வாள்கள் தொகுகாவா குலத்துக்கு ஆகாதவை என்று ஒரு பேச்சு. அந்தக் குலத்தின் முதல் ஷோகனான இயெயாசுவின் பாட்டனார் 1535இல் வெட்டுண்டது அப்படியொரு வாளால் என்பார்கள். இயெயாசு வைத்திருந்த முராமாசா வாள் ஒன்று இன்றும் நகோயாவில் தொகுகாவா கலைக்கூடத்தில் இருக்கிறது என்பதையும் அவர்கள் சொல்லலாம். ஆனால் பேய்க்கதைக்கு அது உதவாது.

அந்த முராமாசா பேச்சிலிருந்து கிளைத்த கபுகி நாடகம் மூன்றாம் கவதாகே ஷின்ஷிச்சி எழுதி 1888இல் மேடையேறிய ‘காகோத்சுருபே’. சானோ ஊர்ப் பணக்காரன் ஜிரோசயெமோன், முகமெல்லாம் அம்மைத் தழும்பு, பட்டணத்துக்குப் புதியவன். கணிகையர் பகுதியான யோஷிவாராவின் தெருவில் யாத்சுஹாஷி என்ற உயர்தரக் கணிகை பரிவாரத்தோடு வருகிறாள்; உயர்ந்த மரக்கட்டைச் செருப்பில், காலை அரைவட்டமாகச் சுழற்றிச் சுழற்றி வைக்கும் நடை. போகிறபோக்கில் திரும்பி அவனைப் பார்த்து ஒரு புன்னகை. அவன் விழுந்துவிட்டான். மாதக்கணக்கில் வந்துபோகிறான், அவளைக் கடனிலிருந்து மீட்டு ஊருக்குக் கூட்டிப்போக ஏற்பாடும் செய்கிறான். அவளுக்கு வேறொரு காதலன் இருக்கிறான். அவன் நெருக்கவே, நண்பர்கள் நிறைந்த விருந்தில் ஜிரோசயெமோனை எல்லோர் முன்னிலும் வேண்டாம் என்கிறாள். அவன் கத்தவில்லை. அவமானத்தை விழுங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான். சில மாதம் கழித்து, எல்லாம் ஆறிவிட்டதுபோல் வந்து, அவளோடு ஒரு கோப்பை அருந்தி, கொண்டுவந்த பெட்டியிலிருந்து வாளை எடுத்து ஒரே வீச்சில் வெட்டுகிறான். பிறகு விளக்கு வெளிச்சத்தில் அந்த வாளின் கூர்மையைப் பார்த்து வியந்து நிற்கிறான்.

முழு நாடகத்தில் இதற்கு முன்கதை உண்டு. தகப்பன் ஒரு பெண்ணுக்குச் செய்த துரோகம், அவள் விட்ட சாபம், அதன் பலனாக மகன் முகத்தில் தழும்பு, ஒருமுறை உருவினால் இரத்தம் காணாமல் அடங்காத வாள் அவன் கைக்கு வந்த விதம் எல்லாம் அதில் வரும். இன்று மேடையில் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். புன்னகையிலிருந்துதான் ஆட்டம் தொடங்குகிறது. சாபம் அறுபட்டுப் போகவே, அவமானப்பட்ட ஓர் ஆண், அவனிடம் ஒரு நல்ல வாள், இரண்டு மட்டும் மிஞ்சுகின்றன. நாடகம் இதனால் கெடவில்லை, கூடுதலாகப் பயமுறுத்துகிறது. செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் இந்த மனிதனை நாம் வாராவாரம் பார்க்கிறோம், அவன் கையில் முராமாசா வாள் எதுவும் இல்லை.

ருமிகோ தகாஹாஷியின் ‘இனுயாஷா’ மங்கா (1996–2008) இதைத் தலைகீழாக்கியது. அப்பனின் பல்லில் செய்த தெஸ்ஸைகா, பாதி அசுரனான மகனின் அசுர இரத்தத்தை அடக்கிவைக்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் வாள் அருகில் இல்லையென்றால்தான் அவன் மதியிழக்கிறான், தான் நேசிக்கும் காகோமேயையே அவனுடைய நகம் கிழித்துவிடக் கூடும். கேடு கையில் இருக்கிறது, வாள் கடிவாளம். பல வருஷம் ஓடிய தொடரில் இந்த ஒரு யோசனை அலுக்கவேயில்லை.

சீன இணையத் தொடர்களில் மோ ஷியாங் தோங் ஷியூ இரண்டு விதமாக விளையாடியிருக்கிறார். முதல் தொடரில் லுவோ பிங்ஹேயின் ஷின்மோ வாள், பிடித்திருப்பவனின் ஆசைகளையே தீனியாக்கி மனதைத் தின்கிறது. வழக்கமான சரக்குதான். ஆனால் அந்த வாள் கிடைத்த பாதாளத்துக்குள் அவனைத் தள்ளியவர், அவன் உயிராய் நேசிக்கும் குருவேதான். அதனால் எல்லாவற்றுக்கும் வாள்தான் காரணம் என்று குரு சொல்லித் தப்ப முடிவதில்லை. 2017இல் தொடங்கிய ‘தியான் குவான் ட்ஸ் ஃபூ’வில் ஹுவா செங்கின் வளைவாள் எ-மிங் வருகிறது. உலகமே நடுங்கும் சபிக்கப்பட்ட ஆயுதம். பிடியில் ஒரு சிவந்த கண். ஹுவா செங் நேசிக்கும் ஷியே லியான் அதைத் தடவிக்கொடுத்தால் போதும், கண்ணைச் சுருக்கிக் குழந்தை மாதிரிக் கொஞ்சுகிறது. எஜமான் வெட்கப்பட்டு அதை அதட்டுகிறான். தொடரில் வெகுதூரம் போனபின்தான் அது ஹுவா செங் தானே பிடுங்கிய தன் கண் என்று தெரிகிறது. அவன் வாய் திறந்து சொல்லாததை வாள் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே படித்த பக்கங்களைத் திரும்பப் புரட்ட வைத்துவிட்டார்.

ஆங்கிலத்தில் ‘ரொமான்டஸி’ என்று இப்போது குவிகிறவற்றில் பாதி எனக்குச் சலிப்புத் தருகிறது. நாயகன் கொடூரன், வாளோ சாபமோ அவனை ஆட்டுகிறது, நாயகி அன்பால் அவிழ்க்கிறாள், முன்பு செய்த கொலைகளுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. விதிவிலக்குகள் பெரும்பாலும் பெண் வாளெடுக்கும் இடத்தில் இருக்கின்றன. மெர்சிடீஸ் லேக்கியின் நீட், ஆபத்திலிருக்கும் பெண்களைக் காப்பாற்றும்படி தன்னை ஏந்தியவளை விடாமல் விரட்டுகிற வாள். நல்ல காரியம்தான், ஏந்தியவளுக்குத்தான் தூக்கம் கிடையாது. சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்’ (2021) நாவலில் நெஸ்டா கொல்லன் பட்டறையில் ஆத்திரம் தீர சம்மட்டியால் தட்டுகிறாள். அவளுடைய சக்தி இரும்புக்குள் ஏறி, பட்டறைக்காரரே அந்தக் கத்திகளைக் கண்டு அஞ்சுகிறார். நாவலில் அலுப்பான பக்கங்கள் நிறைய உண்டு, இந்தப் பட்டறை அப்படியில்லை.

ஹெர்வோரின் துணிச்சல் நெஸ்டாவுக்கும் வரவில்லை. ஆங்கந்தீரின் மகள் ஹெர்வோர், செத்துப்போன தகப்பனின் புதைமேட்டுக்கு இரவில் தனியே போய் திர்ஃபிங்கைக் கேட்கிறாள். உன் குலத்தையே அழிக்கும் என்று பிணம் எச்சரிக்கிறது. என் பிள்ளைகள் பின்னால் எப்படி அடித்துக்கொண்டால் எனக்கென்ன என்கிறாள். பிறகு ஓர் அரசவையில் விளையாட்டுப் பலகை முன்னிருந்து அவள் எழுந்த நேரம் பார்த்து ஒருவன் அந்த வாளை உருவிப் பார்க்கிறான். வாங்கி அவன் தலையை வெட்டிவிட்டு நடக்கிறாள். அப்புறம் ஊர் திரும்பி, தையல் வேலையில் உட்கார்ந்து, ஹோஃபுண்டை மணந்து, இரண்டு பிள்ளைகள் பெறுகிறாள். அவர்களில் ஒருவன் ஹெய்த்ரெக், கூடப்பிறந்தவனையே கொன்றவன். திர்ஃபிங்கை அவன் கையில் கொடுத்தது அவள்தான். ஏன் கொடுத்தாள் என்று சாகா விளக்கவில்லை. சாந்தமான கணவன், தறியும் ஊசியும், அறையின் ஒரு மூலையில் அந்த வாள் என்று அவள் வாழ்ந்த வருஷங்களை நாவலாக்கிய யாரையும் நான் இன்னும் படிக்கவில்லை.