யாரை வாங்கப் போகிறார்கள்?

2024 ஆகஸ்ட்டில் லிவர்பூல் ரசிகர்களின் வாயில் ஒரே பெயர்தான் இருந்தது: மார்ட்டின் சுபிமெண்டி. ரியல் சோசியதாத் அணியின் இந்த மிட்ஃபீல்டர் வந்துவிடுவார், நடுக்களத்தின் குறை தீர்ந்துவிடும் என்று பேசிப் பேசி நம்பினார்கள். அவர் வரவில்லை. சொந்த ஊர் கிளப்பிலேயே இருந்துகொள்ள முடிவெடுத்தார். அந்தக் கோடையில் உடனே களமிறங்கக்கூடியவர் என்று லிவர்பூல் வாங்கியது ஃபெடெரிகோ கியேசா ஒருவரைத்தான். விலை சுமார் 1 கோடி பவுண்டு. புதிதாக வந்த கோச் ஆர்னே ஸ்லாட்டை நிர்வாகம் நட்டாற்றில் விட்டுவிட்டது என்று கோபம் கொதித்தது. ஸ்லாட்டோ ஏற்கெனவே அணியில் இருந்த ரையன் கிராவன்பெர்க்கை அந்த இடத்தில் நிறுத்தினார். 2025 ஏப்ரலில், இன்னும் நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே லிவர்பூல் தன் 20-ஆவது லீக் பட்டத்தை வென்றது.

அடுத்த கோடையில் எல்லாம் தலைகீழ். ஃப்ளோரியன் விர்ட்ஸ், ஹ்யூகோ எகிடிகே, அலெக்சாண்டர் இசாக் என்று 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தார்கள். ரசிகர்கள் ஆசைப்பட்ட பெயர்கள் பலவும் கைக்கு வந்தன. ஆனால் சில வாரங்களிலேயே நடப்புச் சாம்பியனான லிவர்பூல், லீக் போட்டியில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றது. டியோகோ ஜோட்டாவை ஜூலையில் கார் விபத்தில் பறிகொடுத்த துயரம் அந்த அணியின் மேல் கவிந்திருந்தது. புதிதாக வந்தவர்கள் தலையில் மட்டும் பழியைப் போடுவது அநியாயம். எனினும் இந்த இரண்டு கோடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், டிரான்ஸ்ஃபர் பேச்சுக்கும் களத்தில் நடப்பதற்கும் உள்ள உறவு ரசிகர்கள் நம்புகிற அளவுக்கு நேரானதல்ல என்பது தெரிகிறது.

எந்த கிளப்பின் காலம் முடிந்தது, எதன் காலம் தொடங்குகிறது, யார் எங்கே போகிறார் என்ற இந்த ஓயாத விவாதத்தை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய கால்பந்தில் பணத்துக்கும் அதிகாரத்துக்கும் எதிராக நிற்கும் ஒரே பெரிய கூட்டம் ரசிகர்கள்தான். அவர்களைக் கூர்மையாக்குவதும் இந்த விவாதம்தான், அவர்களை மழுங்கடிப்பதும் இதுதான்.

முதலில் ஆதிக்கத்தைப் பற்றிய வாதத்தை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் வாதிடும்போது அலெக்ஸ் ஃபெர்குசன் வென்ற 13 பிரீமியர் லீக் பட்டங்கள் அவர் பின்னால் நிற்கின்றன. லிவர்பூல் ரசிகருக்கு 1990-க்குப் பிறகு அடுத்த பட்டத்துக்காக 30 ஆண்டுகள் காத்திருந்த நினைவு இருக்கிறது. மான்செஸ்டர் சிட்டி 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது. இங்கிலாந்தின் முதல் டிவிஷன் வரலாற்றில் வேறு எந்த கிளப்பும் செய்யாத சாதனை. இதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர், நிதி விதிகளை மீறியதாக 2023 பிப்ரவரியில் லீக் நிர்வாகம் சிட்டிமேல் சுமத்திய நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளை எடுத்து வைப்பார். கிளப் அவற்றை மறுக்கிறது என்று சிட்டி ரசிகர் பதில் சொல்வார். பேச்சு கோல் கணக்கில் தொடங்கி, 2003-இல் செல்சியை வாங்கிய ரோமன் அப்ரமோவிச்சிடமும் 2008-இல் சிட்டியை வாங்கிய அபுதாபி பணத்திடமும் போய் நிற்கும்.

இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஒரு கிளப் ஏன் எழுகிறது, ஏன் விழுகிறது என்று கேட்கத் தொடங்கிய ரசிகர் கணக்குப் புத்தகம் வரை போகாமல் இருக்க மாட்டார். மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்ற விதியை மீறியதற்காக 2023 நவம்பரில் எவர்ட்டனுக்கு 10 புள்ளிகள் வெட்டப்பட்டபோது, அந்த விதியின் நியாயத்தை வரிவரியாக அலசியவர்கள் அந்த கிளப்பின் ரசிகர்கள். மேல்முறையீட்டில் தண்டனை 6 புள்ளியாகக் குறைந்தது. செல்சி தன் புதிய ஆட்டக்காரர்களுக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தங்களை ஏன் அள்ளிக் கொடுத்தது என்பதும் சாதாரண ரசிகருக்கே புரிந்திருந்தது: விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்தால் ஒவ்வோர் ஆண்டுக் கணக்கிலும் ஏறும் செலவு சிறுத்துப்போகும். பின்னர் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ அந்தக் கணக்கை ஐந்து ஆண்டுகளோடு நிறுத்தியது.

இந்த அறிவு ஒருநாள் பலன் தந்தது. 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பணக்கார கிளப்புகள் தங்களுக்குள் ஒரு மூடிய சூப்பர் லீகை அறிவித்தன. அவற்றில் ஆறு இங்கிலாந்து கிளப்புகள். மைதானங்களுக்கு வெளியே திரண்ட ரசிகர்கள் அது என்ன திட்டம், யாருக்கு லாபம் என்பதை எவரும் விளக்கிச் சொல்லக் காத்திருக்கவில்லை. இரண்டே நாளில் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின. ஆண்டுக்கணக்கில் ஆதிக்கத்தையும் அதன் காரணங்களையும் பேசிப் பழகிய கூட்டத்தால்தான் அவ்வளவு விரைவாகத் திரள முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் டிரான்ஸ்ஃபர் வதந்திக்குள் நுழைந்ததும் இதே கூட்டம் தன் கேள்வியைக் கைவிட்டுவிடுகிறது. 'ஏன்' என்பது போய், 'யாரை' என்பது மட்டுமே நிற்கிறது.

வதந்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சம்பளத்தை உயர்த்திக் கேட்கும் ஏஜென்ட்டுக்கு இன்னொரு கிளப்பின் பெயர் வேண்டும். விற்கிற கிளப்புக்குப் போட்டிக்கு ஓர் ஆள் வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும் கிளப்பின் முதலாளிக்கு, கோபத்தை ஆற்ற அடுத்த ஜனவரி டிரான்ஸ்ஃபர் பற்றிய ஒரு கனவு வேண்டும். மூவருக்கும் வேலை செய்வது ரசிகரின் ஆவல். 2022 கோடை முழுக்க ஃப்ரெங்கி டி யோங் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வருகிறார் என்று பேசினார்கள். கிளப்புகளுக்குள் விலை படிந்தது உண்மை. ஆனால் பார்சிலோனா அவருக்குத் தரவேண்டிய சம்பளப் பாக்கி ஒன்று நடுவில் கிடந்தது. போக அவருக்கும் மனமில்லை. தன் சம்பளத்தை விட்டுக்கொடுக்காத ஆட்டக்காரரைப் பேராசைக்காரர் என்று திட்டியவர்களில் ரசிகர்களும் இருந்தார்கள். பாக்கி வைத்த முதலாளியின் குரலாகத் தாம் மாறிப்போனதை அவர்கள் உணரவில்லை. வதந்தியின் மிகப் பெரிய கேடு என்று நான் கருதுவது இதைத்தான். அது பொய்யாகப் போவது இரண்டாம்பட்சம்.

யுனைடெட்டின் கதை இதற்கு இன்னும் கசப்பான சாட்சி. 2005-இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற சொந்த கிளப்பைத் தொடங்கினார்கள். 2010-இல் மைதானம் முழுக்கப் பச்சையும் பொன்னிறமுமாக எதிர்ப்புத் துண்டுகள் தெரிந்தன. ஆனாலும் பெரிய பெயர் ஒன்று வரும்போதெல்லாம் அந்தக் கோபம் தணிந்தது. 2014-இல் ஏறக்குறைய 6 கோடி பவுண்டுக்கு வந்த ஆங்ஹெல் டி மரியா ஓராண்டில் போய்விட்டார். 2012-இல் சல்லிக்காசு பெறாத விலைக்கு விட்ட பால் போக்பாவை 2016-இல் 8.9 கோடி பவுண்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். 2022-இல் அவர் மறுபடி இலவசமாகவே வெளியேறினார். 2024-25 பருவத்தில் அணி 15-ஆவது இடத்தில் முடித்தது. ஒவ்வொரு வாங்கலும் நிர்வாகத்துக்குக் கொஞ்சம் காலத்தை வாங்கிக் கொடுத்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. பணம் கொட்டி வாங்குவது எப்போதும் வீண் என்று சொல்ல முடியாது. செல்சி புதிய உரிமையாளர்களின் முதல் பருவத்தில், 2022-23-இல், வாங்கிக் குவித்த பிறகும் 12-ஆவது இடத்தில் விழுந்தது. ஆனால் 2025-இல் அதே திட்டத்தின் ஆட்டக்காரர்களோடு கிளப் உலகக் கோப்பையை வென்றது. டெக்லன் ரைஸ் 2023-இல் 10 கோடி பவுண்டுக்கு மேலான விலையில் ஆர்சனலுக்கு வந்தபோது விலை அதிகம் என்றவர்கள் இன்று அப்படிச் சொல்வதில்லை. என் வாதம் விலையைப் பற்றியதல்ல. 2016-இல் லெஸ்டரைச் சாம்பியன் ஆக்கிய என்'கோலோ காண்டே சுமார் 56 லட்சம் பவுண்டுக்கு கான் என்ற பிரெஞ்சு கிளப்பிலிருந்து வந்தார். அவரைக் கண்டெடுத்தது, ஊர் வாயில் புரளும் பெயர்களை நம்பாமல் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தவர்களின் பொறுமை. ரசிகர்களின் பேச்சில் அந்த வேலைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? ஆள் தேர்வாளர்கள், இளையோர் பயிற்சி, காயமுறும் கால்களைப் பார்க்கும் மருத்துவர்கள் ஆகியோரைப் பற்றி வாதிட யாரும் இரவு விழித்திருப்பதில்லை.

ஆட்டக்காரரை மனிதராகப் பார்ப்பதும் இந்தப் பேச்சில் தேய்ந்துபோகிறது. டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ஆறு வயதில் லிவர்பூல் அகாடமியில் சேர்ந்தவர். சாம்பியன்ஸ் லீகையும் இரண்டு லீக் பட்டங்களையும் அந்த நகரத்துக்குக் கொண்டுவர உழைத்தவர். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் ரியல் மாட்ரிட் போகப்போகிறார் என்று மாதக்கணக்கில் வதந்தி ஓடியது. 2025 மே மாதம் லிவர்பூலை விட்டு விலகுவதாக அவர் அறிவித்த பிறகு, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அவரைச் சொந்த ரசிகர்களில் பலர் கூச்சலிட்டு அவமதித்தார்கள். ஃபார்ம் போன ஆட்டக்காரரை உடனே விற்றுவிட வேண்டும் என்று கிளப்பிடம் வற்புறுத்துகிற அதே வாய்தான், ஒப்பந்தத்தின் கடைசிப் பருவம் வரை ஆடிக்கொடுத்துவிட்டுப் போகிறவரைத் துரோகி என்கிறது.

ஒப்பந்தம் முடிந்தவர் தன் விருப்பப்படி போகலாம் என்ற உரிமையும் சும்மா கிடைத்துவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப் விலை கேட்டுத் தன்னை நிறுத்தி வைத்ததை எதிர்த்து ஜான்-மார்க் போஸ்மன் ஐந்தாண்டு வழக்காடினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது அவருடைய ஆட்டவாழ்வு ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. நிதி விதியின் ஒவ்வொரு உட்பிரிவையும் அறிந்த ரசிகர்கள் அந்த வழக்கையும் அறிவார்கள். அப்படி அறிந்தவர்கள், ஆன்ஃபீல்டில் அன்று எழுந்த கூச்சலில் சேராமல் இருந்திருக்க வேண்டும்.