ஜஸ்டின் காட்டிய மேற்கோள்கள்

ஓர் ஆசிரியர் பிரமாண நூலினின்றும் காட்டும் மேற்கோள் அந்நூற் பாடத்தோடு மாறுபடுமாயின், அதனை மறதியென்றாதல் புரட்டென்றாதல் உடனே துணிதல் ஆராய்ச்சி முறையன்று. அம்மேற்கோள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதே முதற்கண் வினாவற்பாலது. இதற்கு முற்காலக் கிறிஸ்தவ ஆசிரியருள் ஒருவராகிய ஜஸ்டினுடைய நூல்கள் தக்க சான்றாம்.

ஜஸ்டின் பாலஸ்தீன நாட்டிற் பிறந்து, கி. பி. 165-ஐ அடுத்து உரோமையிற் கொலையுண்டவர். திரிபோ என்னும் யூதரோடு வாதித்ததாக அவர் இயற்றிய உரையாடலின் 71 முதல் 73 வரையுள்ள அதிகாரங்களிலே, கிறிஸ்துவைக் குறிக்கும் பகுதிகளை யூத போதகர் தம் வேதத்தினின்றும் நீக்கினரெனக் குற்றஞ் சாட்டுகின்றார். அவற்றுள் ஒன்று, எபிரேயத்தில் 96-ஆவதாக எண்ணப்படும் சங்கீதத்திலே, இறைவன் ஆட்சி கூறுமிடத்து 'மரத்தினின்று' எனப் பொருள்படுஞ் சொற்கள். அவை சிலுவையைக் குறிக்கும் என்பது அவர் கருத்து. அச்சொற்கள் எபிரேய மூலத்தில் இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பின் பெரும்பாலான பிரதிகளிலும் இல்லை. தெர்த்துல்லியன் முதலிய இலத்தீன் ஆசிரியரிடத்து வழங்கின. ஆகவே நிகழ்ந்தது நீக்கமன்று, இடைச்செருகலே. நீக்கப்பட்டதென அவர் கூறும் எரேமியா 11-ஆம் அதிகாரப் பகுதியோ இரு மொழியிலும் இன்றும் உளது.

ஆயின் ஜஸ்டின் பொய்யுரைத்தாரோ எனின், அன்று. தம் முதல் விண்ணப்பத்தின் 32-ஆம் அதிகாரத்தில், யாக்கோபினின்றும் விண்மீன் எழும் என்னும் எண்ணாகமக் கூற்றை ஏசாயாவின் மொழிகளோடு இணைத்து, முழுவதும் ஏசாயா கூற்றாகவே காட்டுகின்றார். உரையாடலின் 106-ஆம் அதிகாரத்திலோ அதனை மோசேக்கே உரிமையாக்குகின்றார். மறதியென்றால் அமையாதோ எனின், அமையாது. நெடிய மேற்கோள்கள் கிரேக்க வேதத்தோடு பெரிதும் ஒத்தும், குறியன பல அதனின் வேறுபட்டும் வருதலின், பின்னவை மேற்கோட்டிரட்டுக்களினின்றும் வந்தன என 1987-இல் ஸ்கார்சவுனே விரிவாக நிறுவினார். இத்தகைய திரட்டுக்கள் உண்மைக்குச் சிப்பிரியான் 3-ஆம் நூற்றாண்டில் குவிரினுக்குத் தொகுத்தளித்த நூல் சான்று. கும்ரானில் 1952-இற் கண்ட குகையில் வெளிப்பட்ட யூதர் திரட்டேடு ஒன்று, கிறிஸ்துவுக்கு முன்னரே இவ்வழக்கு இருந்தமை காட்டும்.

எனினும் வஞ்சமின்மை ஒருவரைக் குற்றத்தினின்றும் முற்றும் விடுவியாது. திரட்டை மூலமென்றும், மூலத்தைச் சிதைவென்றும் கொண்டமையால், குற்றமற்றார்மீது பெரும்பழி ஏறிற்று. அச்செயல் நம்பத்தக்கதன்று என்னும் மறுப்பைத் திரிபோவின் வாயில் வைத்தவரும் ஜஸ்டினே, அதனை ஆராய்ந்தாரல்லர். பின்வந்த ஒரிஜென் எபிரேயத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புக்களையும் ஆறு பத்திகளாக நிரைப்படுத்தி, மூலத்தில் இல்லாதனவற்றைக் குறியிட்டு விளக்கினார். பழிக்குத் தக்க விடை அவ்வொப்புநோக்கேயாம்.

ஈண்டு வேறொன்றும் கருதத்தக்கது. அவ்வுரையாடலைத் தாங்கிய 14-ஆம் நூற்றாண்டுப் பாரிசுப் பிரதியிலே, அச்சங்கீதம் முழுதும் எடுத்துக்காட்டப்படுமிடத்து, வழக்கிற்குரிய அச்சொற்களே காணப்படவில்லை. ஏடெழுதினோர் தாம் பயின்ற பாடத்திற்கேற்பத் திருத்தினர் போலும். ஆகலின், மேற்கோள் கொண்டு மூலபாடந் துணிவார், காட்டினோர் கைக்கொண்ட ஏட்டையும், காட்டியதைப் பின்னர் எழுதினோர் கையையும் ஒருங்கு ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சி முடியுமுன் பிறர்மேற் குற்றங் கூறாமையே நடுவுநிலையாம்.