ஸுந்தரபாஹு ஸ்தவமும் ஆழ்வானின் கண்களும்

கூரத்தாழ்வான் அருளிய ஐந்து ஸ்தவங்களுள் ஸுந்தரபாஹு ஸ்தவம் அளவில் பெரியது. 132 ச்லோகங்கள் கொண்டது. திருமாலிருஞ்சோலை மலையின் வளத்தில் தொடங்கி, அழகரின் திருமேனியை அவயவந்தோறும் நின்று அநுபவித்துச் செல்வது. இதை அருளிய காலத்தில் ஆழ்வானுக்குக் கண்கள் இல்லை. எம்பெருமானாரின் காஷாயத்தைத் தாம் உடுத்துச் சோழன் சபைக்கு எழுந்தருளிக் கண்ணிழந்தபின், திருவரங்கத்தைப் பிரிந்து சோலைமலையில் வாழ்ந்த நாள்களில் அருளினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

இதனைக் கொண்டு உபந்யாஸகர் பலர், கீழ்பென்னாத்தூர் போன்ற சிற்றூர்களிலும்கூட, ஒரு வாக்கியம் சொல்லக் கேட்கிறோம்: புறக்கண் போயிற்று, அகக்கண் திறந்தது என்று. செவிக்கு இனிது. ஆயினும் ஸ்தவத்தோடு இது பொருந்தாது என்பது அடியேன் துணிபு.

நம்மாழ்வார் திருவாய்மொழி 2-10இல் சோலைமலையைப் பாடி, உடனே 3-1இல் அழகரின் திருமேனி ஒளியில் திகைத்து நிற்கிறார். முதலில் மலை, பிறகு வடிவழகு என்னும் அதே அடைவில் ஸ்தவமும் நடக்கிறது. ஆழ்வான் அழகரைக் கண்டது ஆழ்வாரின் கண்கொண்டு. அக்கண் அருளிச்செயலை ஓதியுணர்ந்த நாளிலேயே அவருக்கு வாய்த்தது. அரசனால் அதைப் பறிக்க முடியவில்லை. பறிக்க இயலாதவன் கொடுத்தான் என்பது எங்ஙனே? கூரத்தில் இருந்த பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கம் புகுந்தவருடைய வைராக்யத்திற்கும் சபையின் கொடுமையைக் காரணமாக்க இயலாது.

ஸித்தாந்தத்திலும் ஓர் இடர் உண்டு. துன்பம் ஆத்மாவை அழகாக்கும் என்று பொதுவிதி செய்தால், துன்பமே ஒரு ஸாதநம் ஆகிவிடும். எம்பெருமானே உபாயம் என்று அறுதியிட்டு, கர்ம ஜ்ஞாந பக்திகளையும் அந்த ஸ்தாநத்தில் வைக்க இசையாத நம் பூர்வர்கள், கண்ணிழப்பை அங்கே அமர்த்த உடன்படுவரோ?

ஸ்தவத்தின் முடிவில் ஆழ்வான் செய்யும் விண்ணப்பமே இதற்குச் சான்று. திருவரங்கத்தில் முன்போலவே எம்பெருமானாருக்கு வசப்பட்டு வாழ வேண்டும் என்று அழகரிடம் கேட்கிறார். பிரிவு தம்மைப் பக்குவப்படுத்தியது என்று அவர் அதனைக் கொண்டாடவில்லை. அது தீர வேண்டும் என்றே இரக்கிறார். உரையாசிரியர் எவரேனும் இவ்விடத்தை விரைந்து கடப்பாராயின் ஸ்தவத்தின் உயிர்நிலையை விட்டவர் ஆவார்.

பின்னர்க் காஞ்சியில், பேரருளாளனிடம் கண்ணைக் கேட்கும்படி எம்பெருமானார் நியமித்தபோது, ஆழ்வான் நாலூரானுக்காக வேண்டிக்கொண்டார் என்பது ஐதிஹ்யம். சபையில் நேர்ந்த தீங்கிற்குத் துணைநின்றவன் அந்த நாலூரான். கண்ணிழப்பை ஒரு பேறாக ஆழ்வான் எண்ணியிருந்தால் நாலூரான் அவருக்கு உபகாரகன் ஆகியிருப்பான். அவனுக்காக மன்றாட வேண்டிய அவசியமே இராது. அவன் செய்தது கொடிய பாகவதாபசாரம், அதன் பலனை அவன் தாங்கமாட்டான் என்று அறிந்தே, தம் கண்ணை விட்டு அவன் உஜ்ஜீவநத்தைக் கேட்டார்.