8.2 கிலோமீட்டர் போதுமா? செஸ்ட்நட் பூங்காவின் மலைச் சைக்கிள் தடம்: ஓர் அலசல்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அருகே, மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் விளிம்பை ஒட்டி அமைந்துள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் பரப்பளவு 81 ஹெக்டேர். அதனுள் மலைச் சைக்கிளோட்டத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ள தடங்களின் மொத்த நீளம் 8.2 கிலோமீட்டர். நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடான புக்கிட் தீமா குன்றே ஏறக்குறைய 164 மீட்டர்தான் என்னும்போது, மலையே இல்லாத நிலத்தில் மலைச் சைக்கிளோட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும், பழகிய சைக்கிளோட்டி ஒரு மணி நேரம்போலச் சுற்றி முடித்துவிடக்கூடிய பூங்காவுக்காக விலையுயர்ந்த சைக்கிளை வாங்குவது வீண் என்று கருதுபவர்களும் இருப்பதில் வியப்பில்லை. ஆயினும் உயரத்தையும் நீளத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் இந்த மதிப்பீடு, இவ்விளையாட்டு ஓட்டுநரிடம் உண்மையில் எதைக் கோருகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஒலிம்பிக்கில் இடம்பெறும் மலைச் சைக்கிள் போட்டி கிராஸ் கன்ட்ரி எனப்படும் வகையைச் சேர்ந்தது. பல வீரர்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஏற்ற இறக்கங்களும் பாறைகளும் வேர்களும் நிறைந்த குறுகிய சுற்றுப் பாதையை மீண்டும் மீண்டும் வலம்வந்து முடிக்கும் பந்தயம் அது. ஒரு சுற்று பெரும்பாலும் 4 முதல் 6 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், முழுப் போட்டியும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்போட்டி நடந்த எலான்கூர் குன்று 231 மீட்டர் உயரம்தான்; பழைய கல்குவாரி ஒன்றின் மேல் கட்டுமானக் கழிவுகளைக் கொட்டிக் கொட்டி எழுந்த செயற்கை மேடு அது என்றபோதும், பாரிஸ் வட்டாரத்தின் மிக உயர்ந்த இடம் என்ற பெயர் அதற்கு உண்டு. அங்கே அமைக்கப்பட்ட சுற்று 4.4 கிலோமீட்டர் நீளமும் சுற்றுக்கு ஏறக்குறைய 110 மீட்டர் ஏற்றமும் கொண்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக எசெக்ஸ் மாவட்டத்தின் ஹாட்லி பண்ணையில் உருவாக்கப்பட்ட தடமோ, மேய்ச்சல் நிலச் சரிவில் பாறைகளைக் கொண்டுவந்து அடுக்கிச் செய்யப்பட்டது.

அவ்விரு குன்றுகளிலும் நடந்த ஆடவர் பந்தயங்கள் இவ்விளையாட்டின் மிகச் சிறந்த பந்தயங்களில் இடம்பெறத் தக்கவை. ஹாட்லியில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டரை இறுதித் திருப்பங்களில் முந்தி ஒரே ஒரு விநாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். எலான்கூரில் பிரிட்டனின் டாம் பிட்காக் டயர் பஞ்சராகிச் சக்கரம் மாற்றிக்கொண்டதால் முன்னணியிலிருந்து வெகுவாகப் பின்தங்கினாலும், சுற்றுக்குச் சுற்று இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்றில், மரமொன்றின் இரு பக்கமும் பாதை பிரியும் இடத்தில் பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கி ஒரு பக்கம் செல்ல, பிட்காக் மறுபக்கம் புகுந்து முன்னேறி, 9 விநாடி முன்னதாக எல்லையைக் கடந்தார். ஒன்றரை மணி நேரம் நீடித்த பந்தயத்தின் முடிவை அங்கே எழுதியது ஒரு மரத்தடியில் கிடைத்த இரண்டடி இடமும் அதை முன்கூட்டியே கண்டுவைத்திருந்த கண்ணுமே அன்றி, குன்றின் உயரம் அன்று. ஒரே பாதையைப் பலமுறை சுற்றுவதால், ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு வளைவும் எந்த நொடியில் எப்படி எதிர்ப்படும் என்பது ஓட்டுநரின் உடலில் பதிந்துவிடுகிறது. அந்தப் பதிவே கடைசிச் சுற்றில் துணிச்சலாக வெளிப்படுகிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் செஸ்ட்நட்டின் குறையாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி அதன் பலமாகிவிடுகிறது. கிராஸ் கன்ட்ரி வீரரின் இதயத்துடிப்பு பந்தயத்தின் பெரும்பகுதி நேரம் தம் உச்ச அளவின் 90 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் என்பது உடலியல் ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி. ஆனால் மிதி அழுத்தம் சீராக இருப்பதில்லை. சில விநாடிகள் முழு வலிமையுடன் மிதிப்பதும், இறக்கத்தில் மிதிக்காமல் கைகளாலும் இடுப்பாலும் சைக்கிளை ஆள்வதும், மூச்சு அடங்குமுன் மறுபடி ஏறுவதுமாக அது மாறிக்கொண்டே இருக்கிறது. செஸ்ட்நட்டின் வட, தென் வளையங்களில் உள்ள ஏற்றங்கள் குட்டையானவை, திடீரெனத் தொடங்குபவை, உச்சியில் ஓய்வு தராமல் உடனே வளைந்து இறங்குபவை. வாரத்துக்கு ஓரிரு முறை ஒரே வளையத்தை இடைவெளிப் பயிற்சியாக, அதாவது கடும் முயற்சியையும் இலேசான முயற்சியையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையில் ஓட்டுபவருக்கு, இத்தகைய நிலவமைப்பு கிடைப்பதற்கரியது. சமதளச் சாலையில் எத்தனை மணி நேரம் மிதித்தாலும் இந்தத் தாளம் உடலுக்குப் பழகாது.

வெப்பமண்டலக் காட்டுத் தடத்துக்கே உரிய இன்னொரு பாடம் ஈர வேர். தடத்துக்குக் குறுக்கே ஓடும் வேரின் பட்டை, சக்கரங்களின் உரசலில் நாளடைவில் வழுவழுப்பாகிவிட, அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போது டயருக்கும் மரத்துக்கும் இடையே பிடிப்பு என்பதே ஏறக்குறைய இல்லாமற்போகிறது. முன்சக்கரம் அந்த வேரைச் சாய்கோணத்தில் தொட்டால் வேரின் போக்கிலேயே வழுக்கி விலகும். அந்த நொடியில் முன் பிரேக்கைப் பிடித்தவர் தரையில் கிடப்பார். வேருக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிரேக்கை விட்டுவிட்டு, கூடியமட்டும் செங்குத்தாக அதைக் கடந்து, உடலின் எடையை ஒரு கணம் மேலே தூக்கிச் சக்கரத்தின் பாரத்தை இலேசாக்குவதே சரியான முறை. படிக்க எளிதான இந்த நான்கு செயல்களும் ஒரே விநாடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ வேண்டியிருப்பதால், இதை ஒரே வேரின்மேல் பலமுறை செய்து பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. நெடுந்தொலைவு மலைப்பாதையில் ஒரு வேரை ஒருமுறை கடந்துவிட்டு அப்பால் போகும் ஓட்டுநருக்கு வாய்க்காத வசதி இது. சிறிய பூங்காவில் அதே வேர் இருபது நிமிடத்தில் மறுபடி எதிரே வந்து நிற்கிறது.

பூங்காவிலுள்ள பம்ப் டிராக், அளவில் சிறியதாயினும் தனியே குறிப்பிடத்தக்கது. அலையலையான மண்மேடுகளும், வெளிவிளிம்பு உயர்த்தப்பட்ட வளைவுகளும் அடுத்தடுத்து அமைந்த இந்தக் களத்தில் மிதிகளைச் சுழற்றாமலேயே சுற்றிவர வேண்டும்: மேட்டில் ஏறும்போது கை கால்களை மடக்கிச் சைக்கிளை உடலை நோக்கி வரவிட்டு, மேடு சரியும்போது அவற்றை நீட்டி அழுத்தினால், அந்த அழுத்தமே வேகமாக மாறுகிறது. வெளிவிளிம்பு உயர்ந்த வளைவைச் சைக்கிளோட்டிகள் பெர்ம் என்பர். சாய்வு டயரைத் தாங்கிப் பிடிப்பதால் பிரேக்கைத் தொடாமல் திரும்ப அது இடமளிக்கிறது. பத்து வயதுச் சிறுமியும் தேர்ந்த போட்டியாளரும் ஒரே களத்தில் ஒரே திறனை வெவ்வேறு வேகத்தில் பழகக்கூடிய ஏற்பாடு இதைப்போல் விளையாட்டுலகில் அதிகமில்லை. தம் பிள்ளைகளை நேரே காட்டுத் தடத்துக்குள் அனுப்பும் பெற்றோர் முதலில் சில வாரங்கள் இங்கே பழகவிடுவது எவ்வளவோ மேல்.

இனி, இப்பூங்காவால் தர இயலாதவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் ஒரே சீராக ஏறும் மலையேற்றம் இங்கே இல்லை. பிரேக் பிடித்துப் பிடித்துக் கைவிரல்கள் மரத்துப்போகும் நீண்ட இறக்கமும் இல்லை. மாரத்தான் எனப்படும் நெடுந்தொலைவு மலைச் சைக்கிள் பந்தயங்கள் 60 முதல் 160 கிலோமீட்டர்வரை நீள்பவை. அவற்றுக்குத் தேவையான தாங்குதிறனும், ஓடும்போதே உண்டு நீரருந்தும் பழக்கமும், முற்றிலும் அறியாத தடத்தை முதல் பார்வையிலேயே கணிக்கும் கண்ணும் பழகிய வளையத்தில் வளராது. செங்குத்துச் சரிவில் கடிகாரத்தை எதிர்த்து இறங்கும் டவுன்ஹில் வகைக்குரிய நிலவுயரம் சிங்கப்பூரில் எங்குமே கிடையாது. பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் பொருத்திய கனமான சைக்கிளை இந்த ஒரு பூங்காவுக்காக வாங்குவது தேவையற்ற செலவு; முன்புறத்தில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் வகைச் சைக்கிளும், அளவாகக் குறைத்த டயர்க் காற்றழுத்தமும், நல்ல ஹெல்மெட்டும் இத்தடத்துக்குப் போதுமானவை. சொல்லப்போனால், சஸ்பென்ஷன் குறைந்த சைக்கிள் ஓட்டுநரின் பிழைகளை உடனுக்குடன் காட்டிக்கொடுப்பதால் கற்பதற்கு அதுவே நல்லது.

ஒரு தடம் நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பதில் தண்ணீருக்குள்ள பங்கு வேறெதற்கும் இல்லை. 1988-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு மலைச் சைக்கிளோட்டச் சங்கம் வகுத்த வடிவமைப்பு நெறிகள் உலகெங்கும் தடம் அமைப்போருக்கு வழிகாட்டுகின்றன. தடத்தின் சரிவு அது கடந்து செல்லும் குன்றுப்பக்கத்தின் சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது, அதாவது குன்றுப்பக்கம் 20 விழுக்காடு சரிந்தால் தடம் 10 விழுக்காட்டுக்குமேல் சரியலாகாது என்பது அவற்றுள் ஒன்று. தடத்தின் மேற்பரப்பு பள்ளப்பக்கம் நோக்கி ஏறக்குறைய 5 விழுக்காடு சாய்ந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இறங்கும் தடம் ஆங்காங்கே சிறிது ஏறி மறுபடி இறங்கி, ஓடிவரும் நீரைத் தடத்திலிருந்து வெளியே திருப்பிவிட வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றின் நோக்கமும் நீர் தடத்தின்வழியே ஓடாமல் தடத்தைக் குறுக்காகக் கடந்து போகவேண்டும் என்பதே. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் இந்நெறி தவறினால் ஒரு பருவமழைக் காலத்திலேயே தடம் ஓடையாகிவிடும்.

வடிவமைப்பு சரியாக இருந்தாலும் பயன்படுத்துவோரின் பழக்கம் அதைக் கெடுக்கக்கூடும். மழை விட்டதும் தடத்தின் நடுவே தேங்கிய சேற்றைத் தவிர்க்க ஒரு சைக்கிளோட்டி ஓரமாக விலகிச் செல்கிறார்; அடுத்தவர் அந்தச் சுவட்டையே பின்பற்றுகிறார்; சில வாரங்களில் ஓரத்துச் செடிகள் மிதிபட்டு மடிய, அரை மீட்டர் அகலமிருந்த சிங்கிள் டிராக், அதாவது ஒருவர்பின் ஒருவராக மட்டுமே செல்லக்கூடிய ஒற்றைத்தடம், இரண்டு மீட்டர் அகலச் சேற்றுப் பாதையாகிவிடுகிறது. அகன்ற தடத்தில் வழி தேர்ந்தெடுக்கும் சவால் மறைந்துவிடுவதால் பயிற்சிப் பயனும் அதனோடு போய்விடுகிறது. 8.2 கிலோமீட்டர் மட்டுமே உள்ள இடத்தில் நூறு மீட்டர் இவ்வாறு கெடுவது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தடமுள்ள மலைநாட்டில் கெடுவதைப் போன்றதன்று. இங்கே மாற்றுத்தடம் வெட்ட நிலமில்லை.

நிலமில்லை என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. 2010-இல் சிங்கப்பூர் நடத்திய முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டியின் மலைச் சைக்கிள் பந்தயங்களுக்குக் களமாக இருந்த தெம்பனிஸ் சைக்கிள் பூங்கா, குடியிருப்பு மேம்பாட்டுக்காக 2014-இல் மூடப்பட்டுவிட்டது. புலாவ் உபின் தீவிலுள்ள கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா, போட்டித் தரத்துக்கு ஈடான கடினப் பகுதிகளைக் கொண்டதாயினும், சாங்கியிலிருந்து படகில் சைக்கிளை ஏற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் வேலைநாள் மாலைப் பயிற்சிக்கு உதவாது. புக்கிட் தீமா வனப்பகுதியைச் சுற்றிய தடம் நல்லதே எனினும், அது பாதுகாக்கப்பட்ட காட்டின் ஓரத்தில் செல்வதால் அதற்குமேல் விரிய வாய்ப்பில்லை. வீட்டிலிருந்து புறப்பட்டு, இருட்டுமுன் பயிற்சி முடித்துத் திரும்பும் வசதியை இவ்வளவு அருகில் தருவது செஸ்ட்நட்தான்.

அப்பூங்காவின் முதன்மைப் பணி விளையாட்டும் அன்று. 2015-இல் தென்பகுதியும் 2016-இல் வடபகுதியுமாகத் திறக்கப்பட்ட அது, அடுத்துள்ள மத்திய நீர்ப்பிடிப்பு வனத்துக்கு அரணாக, மக்கள் நெருக்கடியைத் தன்மேல் தாங்கிக்கொள்ளும் இடைநிலமாக உருவாக்கப்பட்டது. நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனித் தடங்கள் அமைக்கப்பட்டதும் இந்த நோக்கத்தை ஒட்டியே. சைக்கிளோட்டிகள் இங்கே நிறைவு காணும்வரை வனத்துக்குள் கள்ளத்தடம் வெட்டும் ஆசை எழாது. ஆகவே சவாலான பகுதிகளைச் சமப்படுத்தி எளிதாக்கிவிட வேண்டும் என்று அவ்வப்போது எழும் கோரிக்கை, பாதுகாப்பின் பெயரால் சொல்லப்பட்டாலும், காட்டுக்கும் நல்லதன்று, விளையாட்டுக்கும் நல்லதன்று. கடினப் பகுதிகளுக்குத் தெளிவான எச்சரிக்கைப் பலகையும் அருகே எளிய மாற்றுவழியும் இருந்தாலே போதும்.

வார இறுதியில் நான்கு மணி நேரம் ஓயாமல் ஓட்ட விரும்புபவரும், நெடுந்தொலைவுப் பந்தயத்துக்கு ஆயத்தமாகுபவரும் செஸ்ட்நட்டை மட்டும் நம்பியிருக்க இயலாது. அவர்கள் எல்லை கடந்து மலேசியத் தடங்களைத் தேடுவதே முறை. தொடக்கநிலையினருக்கும், கிராஸ் கன்ட்ரி போட்டியாளருக்கும், வேலை முடிந்து ஒரு மணி நேரத்தில் திறன் வளர்க்க விரும்புபவருக்கும் இப்பூங்கா ஐயமின்றித் தகுதியானது. அங்கே செல்பவர்கள் கனமழை பெய்த அன்று தடத்தில் சைக்கிளை இறக்காமல் இருக்கட்டும். சேறு எதிர்ப்பட்டால் ஓரம் ஒதுங்காமல் நடுவிலேயே செல்லட்டும். நடைபாதைக்குள் சக்கரத்தைத் திருப்பாமல் இருக்கட்டும்.