காரணம் என்ற கட்டம்

எச்ஐவிக்கான கூட்டு மருந்தை ஒருவர் ஏன் மாற்றுகிறார் என்று ஆராயும் கட்டுரைகளில் தவறாமல் ஓர் அட்டவணை இருக்கும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். பக்கவிளைவு, செலவு, மருந்து பலிக்காமை, காசநோய், கர்ப்பம் என்று அதற்குள் ஏதாவது ஒரு சொல். தென்னிந்தியாவைப் பொறுத்தவரை இந்த வகையில் முக்கியமானது, சென்னை ஒய்ஆர்ஜி கேரின் மருத்துவர் என். குமாரசாமியும் உடன் பணியாற்றியோரும் 2006இல் வெளியிட்ட கட்டுரை. இந்திய நிறுவனங்களின் மலிவு மருந்தை எடுத்துவந்த 1,443 பேரின் பதிவுகளைப் பார்த்து, ஐந்தில் ஒருவர் முதல் மருந்துக் கூட்டை மாற்றியிருந்தார் என்கிறது. பெரும்பாலோருக்குக் காரணம் பக்கவிளைவு. அடுத்தது செலவு. மருந்து தோற்றுப்போனது மூன்றாவதாகத்தான் வருகிறது. நேர்மையான கட்டுரை. ஏழைகளிடம் வைரஸ் ஜெயிப்பதற்கு முன்பே உடம்பும் மடிப்பணமும் கைவிட்டுவிடுகின்றன என்பதை எண்ணிச் சொன்னது. என் வழக்கு அந்தக் கட்டுரையோடு அல்ல, அந்தக் கட்டத்தோடு.

ஸ்டாவுடினை எடுத்துக்கொள்வோம். 2004 ஏப்ரல் 1 அன்று அரசின் இலவச சிகிச்சை தொடங்கியபோது பரவலாகக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் ஒன்று, மலிவானது. நாள்பட்டால் பாதம் எரியும், கை கால் மெலிந்து நரம்பு புடைக்கும், கன்னத்துக் கொழுப்பு வற்றும். அட்டவணையில் இது 'பக்கவிளைவு'. குமரிக் கடற்கரையின் நெருக்கமான தெரு ஒன்றில் அப்படி ஒட்டிய கன்னத்தை முதலில் படிப்பவர் மருத்துவர் அல்ல, மைனி. "என்னட்டி, இப்பிடி வத்திப்போயிட்ட?" அந்த ஒரு கேள்வி போதும், மறைத்து வைத்த நோய் வெளியே வர. அவள் மாத்திரையை மாற்றக் கேட்டால் அது அழகுக்காக அல்ல, அந்தத் தெருவில் தொடர்ந்து குடியிருப்பதற்காக. உலக சுகாதார நிறுவனம் 2009 இறுதியில் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்ன பிறகும் இங்கே அது சில ஆண்டுகள் புழங்கியது.

மாற்றாகக் கிடைத்தது பெரும்பாலும் சிடோவுடின். அது ரத்தத்தைக் குறைக்கும், நகத்தைக் கறுக்கவைக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கம் முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் தோட்டு எண்ணெயில் ஏற்கெனவே கறுத்தவை. நகத்தின் கறுப்பு அங்கே ஒளிந்துகொள்ளும். ரத்தசோகை ஒளியாது. உடைத்த கிலோவுக்குத்தான் கூலி. தலைசுற்றி ஒரு மணி நேரம் சுவரில் சாய்ந்தால் அந்த மணிக்குக் காசில்லை. சீட்டில் எழுதப்படுவது ரத்தசோகை. வீட்டில் குறைவது அரிசி. இதைப் பக்கவிளைவு என்பதா, செலவு என்பதா?

'செலவு' என்ற சொல்லும் அப்படித்தான். மருந்தைக் காசு கொடுத்து வாங்கிய காலத்தில் கணவன் மனைவி இருவருக்கும் அது தேவைப்பட்டபோது, யாருடையது முதலில் நின்றது, யாருடைய தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது என்பதை அந்தச் சொல் சொல்லாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மாற்றியவர்களை மட்டும்தான் அட்டவணை எண்ணுகிறது. முதல் மருந்து தோற்றவர்களுக்கான இரண்டாம் கட்ட மருந்தை அரசு 2008இல் இலவசமாகத் தொடங்கியபோது நாட்டிலேயே இரண்டு இடங்கள்: மும்பை ஜேஜே மருத்துவமனை, தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நாகர்கோவிலிலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். வளைகுடாவுக்கும் ஆழ்கடலுக்கும் மாதக்கணக்கில் போய்வரும் ஆண்கள் உள்ள மாவட்டத்தில், ஓர் ஆண் இரவு ரயிலேறினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெண் ஏறினால் மாமியாருக்கு ஒரு காரணம், ஆலை மேஸ்திரிக்கு ஒரு காரணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு ஒரு காரணம். அத்தனை காரணமும் கண்டுபிடிக்க முடியாமல் பழைய மாத்திரையிலேயே இருந்துவிட்டவள் எந்தக் கட்டத்திலும் இல்லை. இன்று ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஏஆர்டி மையம் உண்டு. அங்கே பிரச்சினை வேறு: வரிசையில் ஊர்க்காரர் நின்றால்?

மாற்றவிடாமல் தடுத்த கதை உலகளவிலும் நடந்தது. டோலுடெகிராவிர் பழைய மருந்துகளைவிட வீரியமானது, தொல்லை குறைந்தது. 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு செய்தி வந்தது: கருத்தரிக்கும்போதே அந்த மருந்தில் இருந்த பெண்களின் 426 பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு நரம்புக் குழாய்க் குறை. உடனே பல நாடுகளில் ஆண்களுக்குப் புது மருந்து, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குப் பழைய எஃபாவிரென்ஸ். இத்தனைக்கும் எஃபாவிரென்ஸே ஒருகாலத்தில் இதே அச்சத்தால் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் விலக்கப்பட்டது. பிள்ளை வேண்டாதவர், கருத்தடை செய்துகொண்டவர் என்று பல இடங்களில் தனியாகக் கேட்கவில்லை. கருப்பை இருக்கிறதே, போதாதா? அந்த ஜூலையில் கிகாலியில் கூடிய ஆப்பிரிக்கப் பெண்கள், எச்ஐவியோடு வாழ்பவர்கள், தகவலைக் கொடுங்கள், தேர்வை நாங்கள் செய்கிறோம் என்று அறிக்கை விட்டார்கள். தரவுகள் கூடக்கூட ஆபத்து மிகக் குறைவாகத் தெரிந்தது. 2019இல் எல்லோருக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

'கர்ப்பம்' என்று கட்டத்தில் எழுதியிருந்தால், மாணவிகள் கேட்கவேண்டியது இது: கர்ப்பமாக இருந்தாளா, கர்ப்பமாகக்கூடும் என்று வேறொருவர் நினைத்தாரா? காரணத்தைச் சொன்னது யார், எழுதியது யார், அந்த அறையில் கணவன் உட்கார்ந்திருந்தானா?

இப்போது இங்கேயும் டோலுடெகிராவிர்தான். அதில் எடை கூடுகிறது, பெண்களுக்குச் சற்று அதிகமாகவே. வத்திப்போனதைக் கேட்ட மைனி இன்று "நல்லாத் தேறிட்டியே" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே எடையைப் பற்றி மருத்துவரிடம் வாய்திறக்காதவர்களை அடுத்த அட்டவணை எங்கே வைக்கப்போகிறது?