பருவப் பாட்டும் உரிப்பொருளும்

இயற்கையை ஒலியால் அவ்வாறே காட்டுதல் இசைக்குப் பெருமையாமோ என்பது நெடுநாளைய வழக்கு. ஜேம்ஸ் தாம்சனின் ஆங்கிலப் பாட்டைத் தழுவி வான் ஸ்வீட்டன் ஆக்கிய ஜெர்மன் பாடல்நூலுக்கு ஹைடன் இசை வகுத்த ‘பருவங்கள்’, 1801 ஏப்ரல் 24ஆம் நாள் வியன்னாவில் அரங்கேறியது. அதன் வேனிற்பகுதி இவ்வழக்கினைத் தீர்க்கத் துணைசெய்யும்.

நண்பகல் வெம்மையில் உயிர்கள் சோர்ந்து கிடக்கின்றன. புயலுக்குமுன் இசை ஏறக்குறைய அடங்கித் தந்திகளின் மெல்லொலியாகக் குறைகின்றது. பின்னர்ப் பாடற்குழு முழுவதும் ஒருங்கே அலறுகின்றது. ஈண்டு யாம் கேட்பது இடியன்று. இடிக்கு அஞ்சும் ஊரார் நெஞ்சமே. புயல் ஓய்ந்தபின் காடையும் சிள்வண்டும் தவளையும் ஒலிக்கின்றன. தவளைக்குரல் ஸ்வீட்டனின் வற்புறுத்தலால் புகுந்ததென ஹைடனே கடிதமொன்றில் நொந்துகொண்டார்.

தொல்காப்பியர் காட்டும் பாகுபாட்டை அளவையாகக் கொள்ளின், வேனில் முதற்பொருள்; தவளை கருப்பொருள்; மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகிய அச்சமோ உரிப்பொருளின் இடத்தே நிற்கின்றது. முன்னிரண்டும் மூன்றாவதற்கு உறுதுணையாகும்வழியே பாட்டு உயர்கின்றது.

எனின், தவளை வேண்டாததோ? அன்று. அச்சம் நீங்கிய செவிக்கே அத்தகு சிற்றொலிகள் கேட்கும். ஆதலின், ஹைடன் தம் படைப்பைத் தாமே அளவின் மிகக் கடிந்தார் என்பது எம் துணிபு.